லொறி மீற்றரும் ரயர் அளவும்: கணக்குப் பிழைத்தால் ஆள் பிழையா?

எமது நிலையத்தில் ஒரு சிறிய லொறி இருந்தது. 2011 ஆம் ஆண்டு, ஊர் திரும்பிய குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள், விதைநெல், கூரைத் தகரம், சீமெந்து எல்லாம் அதிலேதான் ஏறி இறங்கின. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அதன் ரயர்கள் ஆறும் நன்றாகத் தேய்ந்துபோயின. பழைய அளவு 7.00-16. கடையில் அப்போது மலிவாகக் கிடைத்தது 7.50-16. ‘ரிம் ஒன்றுதானே, ரயர் சற்றுப் பெரிதாக இருந்தால் பாரத்திற்கும் நல்லது’ என்று எண்ணி அதையே வாங்கி மாட்டினோம்.

இரண்டு மாதம் சென்றதும் பொருளாளர் ஓட்டப் பதிவேட்டுடன் வந்தார். முன்பு ஒரு லீற்றர் டீசலுக்கு 7.2 கிலோமீற்றர் ஓடிய லொறி, இப்போது 6.7 கிலோமீற்றர்தான் ஓடுகிறது என்றார். மாதக் கணக்கில் பார்த்தால் 18 லீற்றர் கூடுதலாகச் செலவாகியிருந்தது. ஏறத்தாழ ஒரு கான் டீசல். ‘கான்’ என்ற சொல் வந்தவுடனேயே எல்லோருடைய மனதும் சாரதியிடம் போயிற்று. டீசலை உறிஞ்சி விற்கிறார் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த 18 லீற்றரின் விலையை அவருடைய சம்பளத்தில் கழிக்கும்படி தீர்மானம் எழுதினோம். அதில் எமது கையெழுத்தும் இருந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பின்னர் பிறேக் வேலைக்காக லொறியைக் கராச்சிற்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த வயது முதிர்ந்த மெக்கானிக் ஐயா சில்லைப் பார்த்துவிட்டு, “பாதர், இந்த ரயர் எப்ப மாத்தினீங்கள்? மீற்றர்க் கணக்குப் பிழைச்சிருக்குமே” என்று கேட்டார். திகதியைப் பார்த்தோம். ரயர் மாற்றிய நாளும் டீசல் ‘குறையத்’ தொடங்கிய நாளும் ஒன்றே.

மறுநாள் பிரதான வீதியில் கிலோமீற்றர்க் கற்களை எண்ணிக்கொண்டு ஓடிப் பார்த்தோம். 20 கற்கள் கடந்தபோது மீற்றர் 19உம் காலும்தான் காட்டியது. லொறி ஓடிய தூரத்தை மீற்றர் குறைத்துச் சொன்னது. நாம் அதை நம்பி ஒரு நேர்மையான மனிதரைச் சந்தேகித்துவிட்டோம்.

இந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை. இடம்பெயர்ந்த குடும்பங்கள் லொறியை வாடகைக்கு அமர்த்துகின்றன. சங்கங்கள் லொறி வைத்திருக்கின்றன. சிலர் சாரதிகளாகப் பிழைக்கிறார்கள். எல்லோருடைய பணமும் பெயரும் அந்த மீற்றரில் தங்கியிருக்கின்றன.

மீற்றர் எதை எண்ணுகிறது?

கமக்காரருக்கு இதை விளக்கக் கொத்தை விடச் சிறந்த உதாரணம் இல்லை. களத்தில் ஒரு குவியல் நெல் கிடக்கிறது. சிறிய கொத்தால் அளந்தால் எண்ணிக்கை கூடும். பெரிய கொத்தால் அளந்தால் எண்ணிக்கை குறையும். நெல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொத்துத்தான் மாறியது.

லொறிக்கு வீதிதான் நெற்குவியல், சில்லுத்தான் கொத்து. சில்லு ஒருமுறை சுழன்றால் அதன் சுற்றளவு அளவிற்கு வீதியை அளந்து முடிக்கிறது. மீற்றருக்கு வீதி தெரியாது. சில்லு எத்தனை முறை சுழன்றது என்பது மட்டுமே தெரியும். ‘இத்தனை சுழற்சி ஒரு கிலோமீற்றர்’ என்று தொழிற்சாலையில் ஒரு குறித்த ரயர் அளவுக்கு அமைத்து அனுப்புகிறார்கள். ரயரை மாற்றுபவர் கொத்தை மாற்றுகிறார். எண்ணுபவருக்கு அது தெரியாது.

இது புதிய சங்கதி அல்ல. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விற்றுறூவியஸ் என்ற உரோமைப் பொறியியலாளர், கட்டடக்கலை பற்றித் தாம் எழுதிய பத்து நூல்களுள் கடைசி நூலில் தூரம் அளக்கும் வண்டியொன்றை விவரித்திருக்கிறார். அதன் சில்லு ஏறத்தாழ 4 அடி குறுக்களவு கொண்டது. ஒருமுறை சுழன்றால் பன்னிரண்டரை அடி நகரும். 400 முறை சுழன்றால் 5,000 அடி, அதாவது ஓர் உரோமை மைல். ஒவ்வொரு மைலுக்கும் பற்சில்லு திரும்பி, ஒரு சிறு கல் வெண்கலப் பாத்திரத்தில் விழும். பயண முடிவில் கற்களை எண்ணினால் தூரம் தெரியும். அந்தச் சில்லை எடுத்துவிட்டுப் பெரியதொன்றைப் பூட்டினால் கற்கள் குறைவாகவே விழும். எமது லொறியிலும் நடந்தது அதுதான்.

இன்றைய பழைய மாதிரி லொறிகளில் கியர்ப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கேபிள் முறுகியபடி மீற்றருக்கு வருகிறது. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பற்சில்லுகளைத் திருப்பி இலக்கங்களை மாற்றுகிறது. இது தூரக்கணக்கு. மற்றது, ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தின் அருகே உள்ள அலுமினியக் கிண்ணம் அதனால் இழுபடுகிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே முள் நிற்கும் இடம்தான் வேகம். இவ்வகை வேகமானிக்கு ஜேர்மனியரான ஒட்டோ ஷுல்சே 1902 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். புதிய வாகனங்களில் கேபிளுக்குப் பதிலாக மின் துடிப்புகள் எண்ணப்படுகின்றன. எண்ணப்படுவது அங்கும் சுழற்சிதான்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். பொதுவாக லொறிகளில் இயந்திரம் சுழற்றுவது பின்சில்லுகளை. மீற்றரும் அந்தப் பக்கத்துச் சுழற்சியையே எண்ணுகிறது. ஆகவே முன் ரயர்களை மட்டும் மாற்றினால் மீற்றர்க் கணக்கு மாறாது. பின் ரயர்களின் அளவே கணக்கை மாற்றும்.

ரயரில் எழுதியுள்ள எண்கள்

7.00-16 என்றால் ரயரின் அகலம் 7 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 16 அங்குலம். இவ்வகைப் பழைய முறை ரயர்களில் பக்கச்சுவரின் உயரமும் ஏறத்தாழ அகலத்தின் அளவே இருக்கும். எனவே 16 உடன் இரண்டு ஏழைக் கூட்டினால் 30 அங்குலம் வரும். இது மனக்கணக்கு. சரியான அளவு இதற்குச் சற்றுக் கூடும். காற்றடித்த புதிய ரயர்களின் முழுக் குறுக்களவு சுமாராக இப்படி இருக்கும்:

7.00-16: 775 மில்லிமீற்றர்
7.50-16: 805 மில்லிமீற்றர்
9.00-20: 1,018 மில்லிமீற்றர்
10.00-20: 1,055 மில்லிமீற்றர்

7.00-16 இலிருந்து 7.50-16 இற்குப் போனால் ஏறத்தாழ 4 வீதம் வித்தியாசம். பெரிய லொறிகளில் 9.00-20 இலிருந்து 10.00-20 இற்குப் போனாலும் 4 வீதத்திற்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் வரும்.

புதிய முறையில் 205/75 ஆர் 16 என்று எழுதியிருக்கும். 205 என்பது மில்லிமீற்றரில் அகலம். 75 என்பது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 75 வீதம் என்பதைக் காட்டும். 16 என்பது ரிம் அங்குலம். கணக்குப் பார்த்தால் முழுக் குறுக்களவு 714 மில்லிமீற்றர். 205/85 ஆர் 16 என்றால் 755 மில்லிமீற்றர். அகலமும் ஒன்று, ரிம்மும் ஒன்று. நடுவில் உள்ள ஓர் எண் மட்டும் வேறு. அதனால் வரும் வித்தியாசம் 5 வீதத்திற்கும் மேல். ‘ரிம் ஒன்றுதானே’ என்று நாம் செய்த தவறு எங்கே என்பது இப்போது விளங்கும்.

பணம் எங்கே போகிறது?

விதியை இப்படி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரயர் பெரிதானால் மீற்றர் குறைத்துச் சொல்லும். ரயர் சிறிதானால் மீற்றர் கூட்டிச் சொல்லும்.

ஓர் உதாரணம். 205/85 ரயருக்கென அமைந்த மீற்றர் உள்ள லொறியில் 205/75 ரயர் மாட்டியிருக்கிறது. தற்போது இருக்கும் இடத்திலிருந்து உங்கள் ஊருக்கு 120 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மீற்றர் ஏறத்தாழ 127 காட்டும். போய்வர 14 கிலோமீற்றர் கூடுதல். ஆறு பயணத்தில் 84 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 200 ரூபா பேசியிருந்தால், ஓடாத தூரத்திற்கு 16,800 ரூபா கொடுக்கிறீர்கள். லொறிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவரும் மீற்றரைத்தான் நம்புகிறார். பெரிய ரயர் மாட்டியிருந்தால் இதே கணக்கில் நட்டப்படுபவர் அவர்.

தேய்வையும் மறக்கக்கூடாது. ரயரின் மேற்பகுதி றப்பர் 10 மில்லிமீற்றர் தேய்ந்தால் குறுக்களவு 20 மில்லிமீற்றர் குறையும். 7.00-16 ரயரில் அது இரண்டரை வீதத்திற்கும் மேல். எமது லொறியில் தேய்ந்த ரயர் ஒரு பக்கம் மீற்றரைக் கூட்டிச் சொல்ல வைத்தது. புதிய பெரிய ரயர் மறுபக்கம் குறைத்துச் சொல்ல வைத்தது. இரண்டு பிழைகளும் சேர்ந்தே ஒரு கான் டீசலாகத் தோன்றின. காற்றுக் குறைந்தாலும் சில்லு சற்றுச் சிறிதாக உருளும். ஆனால் அதன் பங்கு சிறியது.

1990 ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வரத் தடையிருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்த ரயர்தான் அளவான ரயர். அந்தப் பழக்கம் எம்மிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று தெரிவு செய்ய முடிகிறது.

உயிர் எங்கே போகிறது?

பணத்தை விடப் பெரிய சங்கதி வேகம். வேகமானி பற்றிய ஐக்கிய நாடுகளின் 39 ஆம் இலக்க ஒழுங்குவிதி ஒரு நல்ல கொள்கையைக் கொண்டது. முள் உண்மை வேகத்தை விடக் கூட்டிக் காட்டலாம். உண்மை வேகம் 60 என்றால் 70 வரை காட்ட இடமுண்டு. ஆனால் ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது. கூட்டிக் காட்டினால் சாரதி மெதுவாகப் போவார், குறைத்துக் காட்டினால் அறியாமலே வேகமாகப் போவார் என்பதே காரணம். பெரிய ரயர் இந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது.

714 மில்லிமீற்றர் ரயருக்கு அமைந்த லொறியில், இடம் இருக்கிறதென்று 805 மில்லிமீற்றர் ரயரை மாட்டினால் என்ன ஆகும்? மீற்றர் முன்பு சரியாக இருந்திருந்தால், முள் 60 காட்டும்போது லொறி 67 இற்கு மேல் ஓடும். வேகம் 12 வீதம் கூடினால் நிறுத்துவதற்குத் தேவையான தூரமும் அதே அளவு கூடும் என்று எண்ணக்கூடாது. பிறேக் விழுங்கவேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. இங்கே அது நான்கில் ஒரு பங்கிற்கும் மேல் கூடுகிறது. அத்துடன் சில்லு பெரிதாகும்போது அதே பிறேக்கின் பிடியும் வீதியில் குறைகிறது. பின்னால் மூட்டைகளின் மேல் பிள்ளைகளும் முதியவர்களும் அமர்ந்திருக்கும்போது இது வெறும் கணக்கல்ல.

இழுவையும் குறையும். பெரிய சில்லு ஒவ்வொரு சுழற்சியிலும் கூடிய தூரம் போக முயல்வதால் இயந்திரம் சிரமப்படும். மாரியில் சேற்று ஒழுங்கையில் நெல் மூட்டைகளுடன் வரும்போது இது தெரியும்.

நாமே சோதிக்கும் வழிகள்

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

1. சோக்கட்டி முறை. ரயரில் சரியான காற்று இருக்கட்டும். வழக்கமான பாரம் ஏறியிருக்கட்டும். சமமான நிலத்தில், பின்சில்லு தரையைத் தொடும் இடத்தில் ரயரிலும் நிலத்திலும் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். லொறியை நேராக, மெதுவாக நகர்த்துங்கள். ரயர்க்கோடு ஐந்தாம் முறை தரைக்கு வரும்போது நிறுத்தி, அந்த இடத்திலும் நிலத்தில் கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையை நாடாவால் அளந்து ஐந்தால் வகுத்தால் உருளும் சுற்றளவு கிடைக்கும். குறுக்களவிலிருந்து கணக்கிட்டதை விட இது சற்றுக் குறைவாகவே வரும். பாரத்தில் ரயர் அமுங்குவதே காரணம். ரயர் மாற்றும் முன் ஒருமுறையும், மாற்றிய பின் ஒருமுறையும் இதைச் செய்து வையுங்கள்.

2. கிலோமீற்றர்க் கல் முறை. பிரதான வீதியில் ஒரு கல்லில் மீற்றரைக் குறித்துக்கொண்டு 20 கற்கள் ஓடுங்கள். மீற்றர் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு கல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கற்கள் சில சற்று முன்பின்னாக நடப்பட்டிருக்கலாம். நீண்ட தூரத்தில் அந்தப் பிழை கரைந்துவிடும்.

3. மணிக்கூட்டு முறை. முள்ளை 60 இல் மாறாமல் வைத்து ஓடுங்கள். சரியான முள்ளாயின் 2 கிலோமீற்றர் கடக்க 120 செக்கன் எடுக்கும். 114 செக்கனில் கடந்தால் உண்மை வேகம் 63. நேரம் பார்ப்பவர் பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும். சாரதியின் கண் வீதியிலேயே இருக்கவேண்டும்.

செய்மதி மூலம் இடமறியும் கைத்தொலைபேசி இருந்தால் அதுவும் வேகத்தையும் தூரத்தையும் காட்டும். அது சில்லை நம்புவதில்லையாதலால் ஒப்பிட்டுப் பார்க்க நல்லது.

முள்ளையும் இலக்கங்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இரண்டும் ஒரே கேபிளில் வந்தாலும், முள் கூட்டிக் காட்டும்படி செய்யப்பட்டிருக்கலாம், தூர இலக்கம் சரியாக இருக்கலாம்.

பிழை தெரிந்தபின் கணக்கு எளிது. மீற்றர் காட்டும் தூரத்தைப் புதிய சுற்றளவால் பெருக்கி, மீற்றருக்குரிய பழைய சுற்றளவால் வகுத்தால் உண்மைத் தூரம் வரும். கல் முறையில் பார்த்தவர்களுக்கு இன்னும் எளிது. 19.25 காட்டும்போது உண்மையில் 20 ஓடியிருந்தால், 100 காட்டும்போது ஏறத்தாழ 104 ஓடியிருக்கும். ‘மீற்றர் 100 என்றால் உண்மை 104’ என்று ஒரு மட்டையில் எழுதிச் சாரதியின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

ரயர் மாற்றும்போது

முதல் வழி, வாகனத்திற்குரிய அளவையே வாங்குவது. அது கிடைக்காவிட்டால், முழுக் குறுக்களவு மிக நெருங்கி வரும் அளவைத் தெரிந்தெடுங்கள். ரிம்மின் அகலம் அந்த ரயருக்கு ஏற்றதா, ரயர் சுமக்கக்கூடிய பாரம் போதுமா, முழுதாகத் திருப்பும்போதும் பாரத்தில் அமுங்கும்போதும் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

பின்னால் இரட்டைச் சில்லு உள்ள லொறிகளில் பக்கத்துப் பக்கத்தில் பெரிதும் சிறிதுமாக மாட்டவே கூடாது. பெரியது முழுப் பாரத்தையும் சுமந்து சூடேறி வெடிக்கும். சிறியது இழுபட்டுத் தேயும். புதியதையும் நன்றாகத் தேய்ந்ததையும் சோடி சேர்ப்பதும் அதே தவறுதான்.

மாற்றிய நாளையும், அப்போதைய மீற்றர் இலக்கத்தையும், பழைய புதிய அளவுகளையும் பதிவேட்டில் எழுதுங்கள். அன்றிலிருந்து டீசல் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். மீற்றரைத் திருத்த விரும்பினால், கேபிளை ஓட்டும் சிறு பற்சில்லை மாற்ற முடியுமா என்று நல்ல கராச்சில் கேளுங்கள்.

லொறியை வாடகைக்குப் பேசும்போது, கூடியவரை வீதித் தூரத்தை வைத்துப் பயணத்திற்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். மீற்றர்ப்படிதான் என்றால், புறப்படுமுன் இரு தரப்பும் கற்களை வைத்து ஒருமுறை சரிபார்ப்பதில் வெட்கமில்லை. கடையில் தராசின் முள்ளைப் பார்த்துத்தானே சாமான் வாங்குகிறோம்?

நீதியான அளவு

திருவிவிலியத்தில் லேவியர் நூலும் இணைச்சட்ட நூலும் தராசைப் பற்றியும் படியைப் பற்றியும் பேசுகின்றன. பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை ஒருவன் வைத்திருப்பதை இறைவன் வெறுக்கிறார் என்பது அதன் கருத்து. நாம் அதை எப்போதும் வியாபாரிக்குச் சொன்ன அறிவுரையாகவே பிரசங்கித்து வந்தோம். எமது லொறி அதன் மறுபக்கத்தைக் காட்டியது. அளவுகோல் சரியா என்று பாராமல் ஒருவனை அளப்பதும் அநீதியே.

அந்தச் சாரதியிடம் கழித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தீர்மானம் எழுதிய அதே கூட்டத்தில், எழுதிய அதே ஆட்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி பாதர், இனி ரயர் மாத்தினால் என்னட்டையும் ஒரு சொல்லுக் கேளுங்கோ” என்றார். அதன்பின் எமது பதிவேட்டில் ரயர் அளவுக்கென ஒரு நிரல் இருக்கிறது. அதைச் சாரதியே நிரப்புகிறார்.

உங்கள் சங்கத்துப் பதிவேட்டிலும் அப்படியொரு நிரலை இன்றே கீறிவிடுங்கள்.